முன்வாசல் பாதைக்கு ஒரு கார்

பதினோரு வருஷம் நான் ஒருவரைப் பழிவாங்கினேன். அடிக்கவில்லை, ஏசவில்லை, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றவில்லை. தினமும் காலையில் ஒரு ஓட்டைக் காரைக் கிளப்பி, அவருடைய முன்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவ்வளவுதான். அவர் என் வீட்டுக்காரருடைய அண்ணன். எனக்கு மூத்தார் முறை.

இப்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தால் எழுதாமலே போய்ச் சேர்ந்துவிடுவேன். அதனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலில் எங்கள் மாமனார் வீடு ஒரு நீள மனை. தெருவைப் பார்த்துப் பெரிய வீடு, அதன் பக்கத்தில் விசைத்தறிக் கொட்டகை, கடைசியில் ஒரு சின்ன வீடு, அதையொட்டி ஓலை வேய்ந்த கார் ஷெட். சின்ன வீட்டிலிருந்து தெருவுக்குப் போகப் பெரிய வீட்டின் ஓரமாக ஒரு பாதை. மனைக்குப் பின்பக்கம் ஒரு முடுக்கும் உண்டு. அதில் ஒருவர் வந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் சாக்கடை ஓடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மாமனார் காலமானார். பதினாறு கழிந்ததும் பாகம் பிரிக்க உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர், பத்திரம் எழுதுகிறவர் ஒருவர். பெரிய வீடும் தறிகளும் மூத்தவருக்கு என்று முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள் போல. எங்களுக்குப் பின்வீடு. அது போதாது என்று யாரோ முணுமுணுத்தபோது மூத்தார் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஏலே தம்பி, தறி எனக்கு, பிளசர் ஒனக்கு. ஊர்ல எத்தன பேருக்குக் கெடைக்கும்? இனிமே நீ மைனருல்லா!"

காரை எங்கள் பக்கம் பிளசர் என்றுதான் சொல்வார்கள். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா. யார் எதைச் சொன்னாலும் அவருக்குத் தெரிந்த பதில் "சரி" ஒன்றுதான். அன்றைக்கும் "சரி" என்றார்.

கூட்டத்தில் வயதான ஒருவர் மட்டும் கேட்டார். "கார குடுக்கீரு, சரிவே. அத வெளிய கொண்டுபோவ வழி வேண்டாமா?"

அத்தனை பேர் முன்னால் வழி கிடையாது என்று சொல்ல மூத்தாருக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பத்திரக்காரரிடம் சொன்னார். "வண்டி ஓடுத வரைக்கும் அவன் பாதையில போவட்டும். ஓடாத வண்டிக்கு எதுக்கு வழி? தொடர்ந்து முப்பது நா நின்னுட்டுன்னா பாத எனக்கு. சுவர் எடுத்து அடைச்சிருவேன். அப்படியே எழுதும்."

பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்து, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "வண்டி ஓடலன்னா அதுல கோழி அடைக்கட்டும். ராயகிரிக்காரங்களுக்குக் கோழி வளக்கத் தெரியும்லா."

அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ராயகிரிக்காரி நான்தான். முகம் பற்றி எரிந்தது. ஆனால் எங்கள் குடும்பங்களில் தம்பி பெண்டாட்டி, மூத்தார் முன்னால் வந்து நிற்க மாட்டாள், நேருக்கு நேர் பேச மாட்டாள். அவருக்கு என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தூணிடம் சொல்வார். நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளையிடமோ மாட்டிடமோ சொல்வேன். அன்றைக்கு அடுக்களையில் பிள்ளையும் இல்லை, மாடும் இல்லை. காப்பியை மட்டும் கொடுத்தனுப்பினேன். சர்க்கரை போடாமல்.

அவர் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. கார் ஓடாது. முப்பதாம் நாள் சுவர் எழும்பும். அதன் பிறகு நாங்கள் முடுக்கு வழியாகத்தான் போக வேண்டும், வர வேண்டும். அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. நாளைக்கு அவளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி வருவார்கள். 

கார் ஒரு காலத்தில் கறுப்பு. மாமனார் அதில் நூல் வாங்க மதுரைக்கும், குளிக்கக் குற்றாலத்துக்கும், மாலை போட்டுச் சபரிமலைக்கும் போய்வந்தவர். மைல் காட்டும் மீட்டர் ஒரு முழுச் சுற்று முடித்து, மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கி, அதுவும் பாதியில் அலுத்து நின்றிருந்தது. கடைசி மூன்று வருஷம் அவர் படுக்கையில் கிடந்தபோது வண்டி ஒழுகுகிற ஓலைக்கு அடியில் கிடந்தது. மட்கார்டு, கதவுகளின் அடிப்பாகம், பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற தளம் எல்லாவற்றையும் துரு தின்றிருந்தது. விரலால் குத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கும்.

என் வீட்டுக்காரருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும். எனக்கு நடுங்காது. ராயகிரியில் எங்கள் அப்பா டிராக்டர் வைத்திருந்தார். பாவாடை கட்டிய வயதிலேயே வயக்காட்டில் நான் அதை ஓட்டியிருக்கிறேன். "நான் ஓட்டுதேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி" என்றார்.

முதலில் நான் செய்தது ஒரு மடத்தனம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி மட்டும்தான் அதைச் செய்வாள். எங்கள் பக்கம் உடம்பில் எது தடித்தாலும், எது அரித்தாலும் கோயில் புற்றுமண்ணை நீரில் குழைத்துப் பூசுவோம். துருவும் தகரத்துக்கு வந்த தோல் வியாதிதானே என்று எனக்குத் தோன்றியது. குளித்து, கும்பிட்டு, ஒரு பொட்டலம் புற்றுமண் வாங்கி வந்தேன். குழைத்து மட்கார்டிலும் கதவுகளிலும் ஒரு வாரம் தினமும் பூசினேன். காய விடாமல் மேலே மேலே பூசினேன். எட்டாம் நாள் கழுவினால், முன்பு இருந்த ஓட்டைகளோடு புதிதாக இரண்டு ஓட்டை.

ராஜபாளையம் ரோட்டில் புளியமரத்தடியில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மண்ணைச் சுரண்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"யக்கா, சாமி மண்ணு மனுசத் தோலுக்கு. இரும்புக்கு ஈரம் ஆவுமா? பூசிப் பூசி நீங்களே கொன்னுட்டியளே."

"ஓட வைக்க முடியுமா, முடியாதா?"

"ஓட வைக்கலாம். நல்லா ஓடும்னு சொல்ல மாட்டேன்."

"நல்லா ஓட வேண்டாம். முன்வாசல் வழியா ஓடுனாப் போதும்" என்றேன். அவருக்கு விஷயம் தெரியும். ஊருக்கே தெரியும். சிரித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

ஷெட்டிலேயே பதினெட்டு நாள் வேலை நடந்தது. நான் உப்புத்தாளை வைத்துக்கொண்டு துருவைத் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். எண்ணெய் டின்களை வெட்டி, தட்டி நேராக்கி, ஓட்டைகள்மேல் வைத்து முடுக்கினோம். பின்சீட்டு முன்னால் தளம் மொத்தமும் போயிருந்ததால் அங்கே மட்டும் ஒரு பெரிய தகரத்தை நாலு ஸ்குரு போட்டு மாட்டினோம். அடியில் தார் பூசினோம். என் விரல் நகங்களில் செம்பருத்தி நிறம் ஏறிவிட்டது. சோறு பிசையும்போது துரு வாசனை அடிக்கும். அந்த வாசனை எனக்குப் பிடித்திருந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு மெக்கானிக் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். நாலாவது சுழற்றில் வண்டி இருமியது, புகையைக் கக்கியது, பிடித்துக்கொண்டது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதை வழியாக மெல்லக் கொண்டுவந்து, பெரிய வீட்டு முன்வாசலில், சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூத்தாருக்கு நாலடி தூரத்தில் நிறுத்தினேன். ஆரனை அழுத்தினேன். வேண்டிய அளவுக்கு மேலேயே அழுத்தினேன்.

அவர் பேப்பரை இறக்கவில்லை. ஆனால் பேப்பர் ஆடியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் தெருவுக்கு இறங்கினேன். ஒரு பொம்பளை கார் ஓட்டிப் போவதைத் தெரு முழுக்க நின்று பார்த்தது. எனக்கு அவர்கள் யாரும் கண்ணில் படவில்லை.

அன்றிலிருந்து தினமும் ஏழு மணி. போக ஒரு வேலையும் இல்லாத நாள்களே அதிகம். கோயில் வாசல்வரை போவேன், ரயில்வே கேட்வரை போவேன், திரும்புவேன். வீட்டுக்காரரை ஆபீசில் விடுவேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். வாடகைக்கு விடச் சொன்னார்கள், விடவில்லை. வெளியூர் போய் வண்டி படுத்துவிட்டால் நாள் எண்ணிக்கை தொடங்கிவிடும் அல்லவா. வீட்டுக்காரருக்கு ஒரு தடவை மதுரைக்கு மாற்றல் வந்தது. பதவி உயர்வோடு வந்தது. "நாம போயிட்டா பாதைய யாரு பாப்பா?" என்றேன். "சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார், வேண்டாமென்று.

வண்டியை உயிரோடு வைத்திருக்க நாங்கள் செய்யாதது இல்லை. ரேடியேட்டர் ஒழுகினால் உள்ளே மஞ்சள்பொடி போடுவோம். பொடி போய் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்க் கசிந்தால் சவுக்காரக் கட்டியை வைத்துத் தேய்ப்போம். காற்றாடி பெல்ட் அறுந்தபோது புதுசு கிடைக்கவில்லை. மூத்தாருடைய தறிக் கொட்டகையில் வேலை செய்கிற ஒருவர் கழித்துப்போட்ட பட்டையைச் சுருட்டிக்கொண்டுவந்து ரகசியமாகக் கொடுத்தார். அளவாக வெட்டித் தைத்து மாட்டினோம். இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதமும் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

மூத்தாரும் சும்மா இருக்கவில்லை. பாதையில் நூல் மூட்டைகளை அடுக்கிவைப்பார். அவர் ஆட்கள் மூட்டையை எடுக்கும்வரை நான் ஆரனில் கை வைத்திருப்பேன். மாட்டைக் குறுக்கே கட்டுவார். மாடு பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதில் அது மறுநாளிலிருந்து அங்கே நிற்க மறுத்துவிட்டது. மழைக்காலத்தில் பாதையில் பள்ளம் வெட்டிப் போட்டார். நான் தறியிலிருந்து வந்த பஞ்சுக் கழிவையும் கல்லையும் போட்டு மூடினேன். எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு நாள் தூணைப் பார்த்துச் சொன்னார்: "காதுக்குள்ள புண்ணு வந்துரும் போலிருக்கு." நான் என் மகளிடம் சொன்னேன்: "ஏட்டி, காதுக்கு மருந்து வேணும்னா பெரியாஸ்பத்திரியில கெடைக்கும்."

ஏழாவது வருஷம் நான் பயந்தது நடந்தது. ராயகிரியில் தட்ட முடியாத ஒரு சாவு வீட்டுத் துஷ்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வாசுதேவநல்லூர் தாண்டி ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியது. கீழே ஏதோ முறிந்த சத்தம். அடிச்சட்டம் துருவேறி இரண்டாகப் போயிருந்தது. பாடி தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. மாட்டுவண்டியில் கட்டி இழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் ஊருக்குச் செய்தி வந்துவிட்டது.

மறுநாள் காலை பாதை ஓரத் தூணில் கரியால் ஒரு கோடு போட்டிருந்தது. அடுத்த நாள் இரண்டு. மூத்தார்தான் போடுகிறார் என்று தெரிந்தது. காலையில் பேப்பர் படிப்பதற்கு முன்னால் எழுந்து வந்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய் உட்காருவார். பதினைந்தாம் கோடு விழுந்தபோது செங்கல் வந்து இறங்கியது.

சட்டத்தை ஒட்ட வைக்கக் கனமான இரும்பு வேண்டும். அப்போது இரும்புக் கடையில் தட்டுப்பாடு. வெல்டிங் கடையில் பாதி நாள் கரண்ட் கிடையாது. இருபத்திரண்டாம் கோடு விழுந்த அன்று நான் காயலான் கடைக்குப் போய்க் குப்பைக்குள் தேடினேன். மூலையில் பழைய தறி ஒன்றின் கால்கள் கிடந்தன. யாருடைய தறி என்று கேட்டேன். கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மூத்தார் போன மாசம் கழித்துப்போட்ட தறி. எனக்கு அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் போல இருந்தது.

"இதவிட நல்ல இரும்பு கெடையாது யக்கா" என்று மெக்கானிக்கும் சொன்னார். அதை வெட்டி, கரண்ட் இருந்த நேரமெல்லாம் உட்கார்ந்து ஒட்டினார். இருபத்தெட்டாம் கோடு போட்ட அன்று மத்தியானம் நான் வண்டியைப் பாதைக்குள் ஓட்டி வந்தேன். கொத்தனார் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். வண்டியை அவருக்கு முன்னால் நிறுத்தி இறங்கினேன். முந்தானையால் தூணிலிருந்த இருபத்தெட்டுக் கோடுகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.

மூத்தார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "சேலதான் கரியாவுது" என்றார் தூணிடம். அந்தச் சேலையை நான் துவைக்கவே இல்லை. பெட்டியில் அப்படியே மடித்து வைத்தேன்.

இன்னும் நாலு வருஷம் இப்படியே போயிற்று. அதற்குள் மூத்தாருடைய பையன்கள் தொழில் பார்க்கத் திருப்பூர் போய்விட்டார்கள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மூத்தார் பெண்டாட்டி, என் மதினியும் கண்ணை மூடினாள். பெரிய வீட்டையும் கொட்டகையையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள வெளியூர் ஜவுளி வியாபாரி ஒருவர் வந்தார். இடம் பிடித்திருந்தது. ஆனால் நடுவில் இன்னொருவருக்குப் பாதை இருக்கிற இடம் வேண்டாம் என்றுவிட்டார். தம்பி கையெழுத்துப் போட்டுப் பாதையை விட்டுக்கொடுத்தால்தான் கிரயம்.

மூத்தார் முதலில் சொந்தக்காரர்களைத் தூது விட்டார். நான் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவரே எங்கள் முற்றத்துக்கு வந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. கம்பை ஊன்றிக்கொண்டு, நான் துணி துவைக்கிற கல்லைப் பார்த்துப் பேசினார்.

"இந்தக் கல்லுக்குச் சொல்லுதேன். பயலுவகிட்டப் போய்ச் சேரணும். தனியாக் கெடக்க முடியல. காலு நடக்க விடமாட்டேங்குது. பாதைய விட்டுக்குடுத்தா நிம்மதியாப் போயிருவேன்."

கால் நடக்க விடவில்லை என்பதை நான் நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னேன். "கையெழுத்து வேணும்னா நம்ம கார்ல ஏறி வரணும்னு சொல்லுட்டி. பின்சீட்டுல."

வெளியே கம்பு நகர்ந்தது. "வாரேன்" என்றார் கல்லிடம்.

என் திட்டம் இதுதான். அவரை அந்தக் காரில் உட்கார வைத்து ஊரைச் சுற்றிப் பத்திர ஆபீசுக்குக் கொண்டுபோக வேண்டும். வாங்குகிறவர், சாட்சிக்காரர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது என் வீட்டுக்காரர் மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு மூத்தார் நடந்தே வீடு திரும்ப வேண்டும். பாதை என்னிடமே இருக்கும். வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை விளக்கிச் சொன்னேன். "பேனாவக் கையில வாங்கிட்டு, அப்புறமா மாட்டேன்னு சொல்லணும், கேட்டியளா?"

"சரி" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் பாதை இன்றைக்கும் என்னுடையது. ஆனால் பதினோரு வருஷமாகச் சேர்த்துவைத்தது இது போதும் என்று சொல்ல விடவில்லை. அன்று காலை ஷெட்டுக்குப் போய், பின்சீட்டுக்கு முன்னால் மாட்டியிருந்த தகரத்தின் நாலு ஸ்குருவையும் கழற்றினேன். தகரத்தை எடுத்துச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஓட்டைமேல் ஒரு சாக்கை மட்டும் விரித்தேன். கால் வைத்தால் சாக்கு விலகும். முந்தின நாள் நல்ல மழை.

ஆவணி மாதம், நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. மூத்தார் பின்சீட்டில் தனியாக ஏறினார். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில். பத்திர ஆபீசுக்கு நேர் வழியில் ஐந்து நிமிஷம். நான் நேர் வழியில் போகவில்லை. ரத வீதி நாலையும் சுற்றினேன். கடை கடையாக ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கும்பிட்டவர்களும் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது.

தெற்கு வீதியில் திரும்பும்போது சாக்கு விலகியது. அவர் காலுக்குக் கீழே ரோடு ஓடுவதை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டு காலையும் தூக்கி, வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளம் ஒவ்வொன்றிலும் தேடிப்போய் வண்டியை இறக்கினேன். சேறு உள்ளே அடித்தது. வேட்டி, சட்டை, முகம் எல்லாம்.

"மெல்லப் போம்மா" என்றார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். நான் வேகத்தைக் குறைக்கவில்லை. என் உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுத மாட்டேன்.

என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். மூத்தாருடைய வலது பாதத்தில் சர்க்கரைப் புண்ணுக்குப் போட்ட பெரிய கட்டு ஒன்று இருந்தது. வேட்டி அதை மறைத்திருந்ததால் நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் தகரத்தைக் கழற்றித்தான் இருப்பேன். கட்டு முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் ஊறிப்போயிருந்தது. அந்தக் காலை அவர் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தகரம் என்னாச்சு?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"நாந்தான் கழத்துனேன்."

"சரி" என்றார்.

பத்திர ஆபீசில் அண்ணனும் தம்பியும் உள்ளே போனார்கள். தம்பி தோளில் அண்ணன் கை. நான் காருக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளிருந்து மூத்தார் எப்படிக் கத்துவார், யார் முதலில் வெளியே ஓடி வருவார்கள் என்று காத்துக்கொண்டே நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். என் வீட்டுக்காரருடைய இடது பெருவிரலில் மை.

"போட்டுட்டேன்" என்றார்.

"மாட்டேன்னு சொல்லுதேன்னு ஒத்துக்கிட்டியளே!"

"ஒத்துக்கிட்டேன். கால் நனஞ்சதுக்கு மேல என்னால ஆவல."

அவ்வளவுதான் பேசினார். ஒரு குதிரை வண்டியைக் கைதட்டிக் கூப்பிட்டு, அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துத் தானும் ஏறிக்கொண்டார். வண்டி போயிற்று. ஸ்டியரிங் பதினோரு வருஷம் என் கையில் இருந்தது. பாதை என் வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. இந்த ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. அவர் கையெழுத்தும் என்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் அன்றைக்கு வீடு திரும்பவில்லை. நேராக மெக்கானிக்கின் புளியமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். மூன்று வாரத்தில் மூத்தார் திருப்பூர் போய்விட்டார். ஒரு மாதத்தில் சுவர் எழும்பியது. அதே செங்கல்தான், வாங்கிப் போட்டது அப்படியே கிடந்தது. நாலு வருஷம் கழித்து என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முடுக்கு வழியாக, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டித்தான் வந்தார்கள். பையனின் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். சம்பந்தம் முடிந்தது, மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த மூக்கு எனக்கு மறக்காது.

காரை விற்றுவிடச் சொன்னார்கள். விற்கவில்லை. இன்னும் ஆறு வருஷம் ஓட்டினேன். தினமும் காலையில் சாவியை எடுத்துக்கொண்டு முடுக்கைத் தாண்டி ராஜபாளையம் ரோடுவரை நடந்துபோய், கிளப்பி, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி புளியமரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வருவேன். எதற்கு என்று மெக்கானிக் ஒரு நாளும் கேட்கவில்லை. வீட்டுக்காரரோடு நான் பேசாமல் இருந்துவிடவில்லை. சமைத்தேன், பரிமாறினேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்தேன். காரில் மட்டும் ஏற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு வந்த அதே சர்க்கரை வியாதி பிறகு அவருக்கும் வந்தது. காலில் புண் ஆறாமல் நொண்டி நொண்டி நடந்தார். ஒரு நாள் காலை நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கும்போது, குடையை ஊன்றியபடி புளியமரத்தடிக்கு வந்து நின்றார். அவ்வளவு தூரம் எப்படி நடந்து வந்தாரோ தெரியவில்லை. மூச்சு வாங்கியது. எனக்குப் பக்கத்துச் சீட்டின் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"ஏட்டி, கட்டு மாத்தப் போவணும். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விடுதியா?"

"அந்தக் கதவு துருப்பிடிச்சு இறுகிட்டு. தெறக்காது" என்றேன்.

அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இழுத்துப் பார்க்கவில்லை. பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார்.

அந்தக் கதவு நன்றாகத் திறக்கும். முந்தின நாள்தான் நானே எண்ணெய் விட்டிருந்தேன்.